திருவதிகையில் இறங்கியவள்

அப்போது செவ்வாய்க்கிழமைதோறும் டிவியில் இரண்டு தோழிகளைப் பற்றி ஒரு காமெடித் தொடர் வந்துகொண்டிருந்தது. ஒருத்தி கெட்டிக்காரி, இன்னொருத்தி அசடு. எங்கள் டவுன்ஷிப் லேடீஸ் கிளப் ஆண்டு விழாவுக்கு அதையே ஒரு மணி நேரப் படமாக எடுத்துப் போடலாம் என்று செயலாளர் சொன்னார். அவர் தம்பி துபாயிலிருந்து ஹேண்டிகேம் கொண்டு வந்திருந்தார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

கெட்டிக்காரி நான். அசடு, என் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரி. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை, எழுதும்போதே அப்படித்தான் வந்தது. அவள் முத்தாண்டிக்குப்பத்துப் பெண். மைன்ஸில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒன்பது வருஷமாக நான் எது சொன்னாலும் சிரிப்பாள்.

டிவிக்கு வாரம் ஒரு சண்டை, ஒரு சமாதானம் போதும். ஒரு மணி நேரத்துக்கு அது பத்தவில்லை. அதனால் அவளே என்னிடம் சொன்ன ஒரு சம்பவத்தைச் சேர்த்தேன். ஒருமுறை பண்ருட்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது பஸ் மாறி ஏறி, வேறு திசையில் இருக்கும் திருவதிகையில் இறங்கி, கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம், "எங்க பிளாக்குக்கு எப்படிங்க போறது?" என்று கேட்டாளாம்.

நன்றாகவே நடித்தாள். விழாவன்று அந்த இடத்தில் கூடமே குலுங்கியது. ஆனால் மறுநாள் காலை அவள் பால் வாங்க வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் சீன் நல்லா வந்திருக்குக்கா. எல்லாரும் சிரிச்சாங்க."

"உனக்குப் பிடிக்கலையா?"

இரண்டு மூன்று சுளைகளை எடுத்து வைத்தாள். "அன்னிக்கி ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துகினு இருந்தேன். இனிமே குழந்தை தங்காதுன்னுட்டாங்க. வெளிய வந்து எந்த பஸ் நின்னுச்சோ அதுல ஏறிட்டேன்."

அவள் பிறந்து வளர்ந்ததே பண்ருட்டி ரோட்டில். அவளுக்கா பஸ் தெரியாது? அப்படி யோசிக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தாங்க்கா வந்தேன். பஸ்ஸுலேர்ந்து ஆரம்பிச்சேன். நீங்க சிரிச்சிட்டீங்க. சரின்னு நானும் சிரிச்சிட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அந்த சீனை அழிச்சிடச் சொல்றேன்," என்றேன்.

"வேணாங்க்கா. பூக்காரம்மாவா நடிச்ச டீச்சர் எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

நான் கீழே உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டேன். "இப்ப சொல்லு. ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு?"

சொன்னாள். நடுநடுவே நிறுத்தினாள், மறுபடி சொன்னாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்காரர் வந்தபோது அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய், தானே அரிசி களைந்தார்.