எழும்பினால் கப்பல் உடைந்துவிடும்

திருகோணமலைத் துறைமுகத்தை ஜன்னலால் பார்க்கக்கூடிய தெருவில் பிறந்தவள் நான். ஆனாலும் ஒரு கப்பல் துறை சேர்வதை மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான். அந்தக் கப்பல் கடலில் ஓடவில்லை, நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடியது. ஓட்டியவன் என் அண்ணன். அவனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். விளையாட்டு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. கரம் பலகையை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தவர், சீட்டுக்கட்டைக் குசினி அடுப்பில் போட்டவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் கோதுமைக் கப்பலில் வந்த வெளிநாட்டு மாலுமி ஒருவனிடம் கணினி ஒன்றை வாங்கி, துவாயில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறப் பலகை, அதில் தட்டச்சுக் கட்டைகள். தொலைக்காட்சியோடு பொருத்தி, பக்கத்தில் கசெட் ரெக்கோடரை ஓடவிட்டால் ஐந்து நிமிடம் கீச்சிட்டுக் கத்தும். பிறகு கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள் கொட்டும். என்ன கொடுத்து வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை. மணிக்கூடு கட்டியிருந்த இடம் மட்டும் அவர் கையில் வெள்ளையாகத் தெரிந்தது.

“அவன் கன கசெட் காட்டினவன்,” என்று அம்மாவிடம் சொன்னார். “எல்லாம் ரெண்டு நாளில வெண்டு முடிச்சிடலாமாம். முடியாதது ஒண்டு இருக்கோ எண்டு கேட்டனான். இதுதானாம்.”

“முடியவே முடியாதோ?”

“ஓம். முடியவே முடியாதாம்.”

நல்ல அரிசி கிடைத்த செய்தியைக் கேட்டதுபோல அம்மா தலையாட்டினார். முடியாத விளையாட்டை ஒருவர் ஏன் தேடி வாங்க வேண்டும்? எனக்கு அப்பாவின் மேல் இரக்கமாக இருந்தது. மாலுமி அவரை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன்.

பாடசாலை விட்டு வந்ததும், பின்னேரம் நாலு மணிக்கு அண்ணன் கதிரையில் அமர்வான். விளக்கப் புத்தகம் நாங்கள் கண்டிராத எழுத்தில் இருந்ததால், ஒவ்வொரு கட்டையாக அமத்திப் பார்த்து அவனே எல்லாம் கண்டுபிடித்தான். ஓர் உலகத்தில் தானியம் ஏற்றி இன்னோர் உலகத்தில் இறக்கு, அங்கிருந்து இயந்திரம் ஏற்று, கொள்ளையர் வந்தால் சுடு, சுட ஏலாவிட்டால் ஓடு. அவ்வளவுதான். எங்கே போ, எதை முடி என்று கட்டளையிட எவருமில்லை. மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் ஏறவே அடையாள அட்டையும் ஆயிரம் கேள்வியும் வேண்டியிருந்த காலத்தில், எங்கள் அண்ணன் கேட்பாரில்லாமல் உலகம் விட்டு உலகம் போய்க்கொண்டிருந்தான். நான் பாயில் இருந்து, அவன் தொட்ட உலகங்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதுவேன்.

துறை சேர்வதுதான் பெரும்பாடு. நிலையம் வானத்தில் சுழலும், அதன் வாய் ஒரு கீறல். கப்பலும் அதே வேகத்தில் சுழன்றபடி உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தால்தான் கசெட்டில் பதிந்து வைக்கலாம். வெளியே உடைந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் வீண். அம்மா தேத்தண்ணி கொண்டுவரும்போது மட்டும் அந்த வானத்துக்கு ஒரு மரியாதை வரும். அண்ணன் எழும்பிப்போய்க் குடித்துவிட்டு வரும்வரை கொள்ளையரும் நட்சத்திரங்களும் அசையாமல் காத்து நிற்பார்கள். அம்மாவின் தேத்தண்ணிக்கு ஆகாயத்திலும் மதிப்பு இருக்கிறது என்று எனக்குப் பெருமை.

ஒருநாள் அப்பாவும் வந்து பின்னால் நின்றார். திரையில் காவல் கப்பல் ஒன்று தோன்றியதுதான் தாமதம், அவர் பதறிப்போனார்.

“நிப்பாட்டு, தம்பி, நிப்பாட்டு! முன் லைட்டை அணை, உள் லைட்டைப் போடு!”

பொழுதுபட்டபின் சோதனைச்சாவடியில் எல்லாரும் செய்வது அது. உள்ளே இருக்கும் முகங்கள் தெரிய வேண்டும். அண்ணனும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டான். காவல் கப்பல் எங்களைத் திரும்பியும் பாராமல் போனது. பின்னால் வந்த கொள்ளையன் சாவகாசமாகச் சுட்டுப் பொடியாக்கினான். அண்ணன் தலையில் கைவைத்தான். அப்பாவோ வேறு உலகத்தில் நின்றார்.

“செக் பண்ணாமலே போறானடா!” என்றார், அதிசயம் கண்டவர்போல.

அந்த வருடம் எங்கள் தெருவில் அண்ணன் வயதுப் பொடியன்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலரை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் கூட்டிப்போனார்கள். சிலர் தாங்களாகவே, ஒரு பின்னேரம், சைக்கிளில் இயக்கத்தைத் தேடிக் காட்டுப் பக்கம் போனார்கள். பெரியவர்கள் அதை என் முன்னால் கதைப்பதில்லை. கிரிக்கெட்டுக்கு ஆள் காணாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த போர்.

பிறகு அந்தப் பின்னேரம் வந்தது. வாசல் கேற்றில் சைக்கிள் மணி மூன்று தரம் அடித்தது. அண்ணனின் உயிர்க் கூட்டாளி. பக்கத்தில், எங்கள் ஊரில் மாடுபோலத் தெருவில் திரியும் மான் ஒன்று பப்பாசித் தோலைச் சப்பிக்கொண்டு நின்றது.

“தங்கச்சி, கொண்ணனை வரச் சொல்லு. இண்டைக்கெண்டு அவனுக்குத் தெரியும்.”

உள்ளே ஓடினேன். திரையில் நிலையம் சுழன்றுகொண்டிருந்தது. அண்ணன் திரும்பவில்லை.

“இப்ப ஏலாதெண்டு சொல்லு. எழும்பினா கப்பல் உடைஞ்சிடும்.”

தூது போகும் பெருமையோடு திரும்பி ஓடிப்போய், அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். கூட்டாளி சிரித்தான்.

“என்ன கப்பல்?”

“ஆகாயக் கப்பல். தானியம் ஏத்தினது.”

“ஓகோ! கப்டன் எத்தினை மணிக்குக் கரைக்கு வருவாராம்?”

மறுபடி ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டே துறை சேரக்கூடிய அண்ணன், நிலையத்தின் வாய்க்கு நேரே வந்து வந்து விலகிப்போனான். குசினி வாசலில் அம்மா மாக் குழைத்த கையோடு அப்படியே நின்றார். வேலையால் வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். நானே ஒரு பதிலைச் செய்துகொண்டு ஓடினேன்.

“தெரியாதாம்,” என்று கேற்றில் போய்ச் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். ஒருதரம் மணியில் விரலை வைத்தான், அடிக்கவில்லை.

“சரி. கப்பலைக் கவனமா ஓட்டச் சொல்லு.”

மான் ஒதுங்கி வழிவிட்டது. அவன் போய்விட்டான். நான் உள்ளே வந்தபோது அண்ணனின் கப்பல் நிலையத்துச் சுவரில் மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. அவன் பலகையில் முகத்தைக் கவிழ்த்து அழுதான். தானியம் போனதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று அம்மா பால்ரொட்டி சுட்டுத் தந்தார், எனக்கு இரண்டு பங்கு. கப்பலை உடைத்தவனுக்கு ஏன் விருந்து என்று கேட்க, வாய் நிறைந்திருந்தது.

கூட்டாளி பிறகு எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

அண்ணன் இப்போது குளிர்தேசத்தில் இருக்கிறான், தலை நரைத்து. போன முறை நான் அங்கே போயிருந்தபோது இந்தக் கதையை அவன் மகளுக்குச் சொன்னேன். அவள் கேட்டாள்:

“ஏன் மாமி, அதை அப்பிடியே நிப்பாட்டி வச்சிட்டு எழும்பேலாதோ?”

ஏலாதென்று சொல்ல வாயெடுத்தேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனின் கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில்தான், இத்தனை வருடம் கழித்து, எனக்கு அந்த நட்சத்திரங்கள் ஞாபகம் வந்தன. அம்மாவின் தேத்தண்ணிக்காக ஒவ்வொரு பின்னேரமும் அசையாமல் நின்ற நட்சத்திரங்கள்.

ஆட்டத்தை நிப்பாட்டி வைக்கும் அந்தக் கட்டை அவன் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. அதற்காக நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை; தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். முடியாத ஒன்றைக் கேட்டு வாங்கிய அப்பாவுக்கும், மாக் கையோடு மூச்சுவிடாமல் நின்ற அம்மாவுக்கும் சொல்ல அவர்கள் இல்லை.

எங்கள் கேற்றுக்குப் பூட்டு இருந்ததில்லை, ஒரு கொக்கிதான். கூட்டாளி அதைத் தட்டித் திறந்து, பத்து அடி நடந்து, அண்ணனின் தோளில் கை வைத்திருக்கலாம். அவன் கேற்றுக்கு வெளியிலேயே நின்றான்.