இறங்கும் முன்பே ஏறியவர்கள்

பம்பரம் என்ற பெயரை அவளுக்கு வைத்தது அலுவலகம்தான். ஆனால் பிறந்த அன்றே தொட்டிலை விட்டு இறங்கி, வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தவள் என்று அவளுடைய அக்கா சத்தியம் செய்வாள். ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே பயண அட்டை என்று ஒரு திட்டம் வந்தபோது, இரண்டு நிர்வாகங்களுக்கும் நடுவில் ஓடுகிற வேலை அவளைத் தேடி வந்ததில் வியப்பில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவளுக்குக் கூடுதலாக ஓட்டம்.

ரயிலை விட்டு இறங்கும்போது வாயிலில் அட்டையைத் தட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பேருந்தில் ஏறித் தட்டினால் பேருந்துக்குக் காசில்லை. கேட்கச் சுலபம்தான். ஐந்து மாதமாகப் புகார்கள் குவிந்தன. சிலருக்கு மட்டும் பேருந்துக்கும் காசு பிடித்தது. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ரயில் மேலாளர் கடிதமே போட்டுவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் ரயில் விலகிக்கொள்ளும். விலகினால், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு மறுபடி இரண்டு சீட்டு. அதற்கு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதே லாபம் என்று அவள் அறிவித்திருந்தாள்.

புதன்கிழமை காலை அக்கா அட்டையை மேசைமேல் எறிந்தாள்.

"உன் அட்டைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. நேத்தும் பஸ்ல புடுங்கிடுச்சு. எதிர்வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரு தடவைகூடப் புடிக்கல."

"அவளும் அதே ரயில்தானே?"

"அதே ரயில்தான். ஆனா மகாராணி இறங்கி, டீ குடிச்சு, நாலு பேரை நலம் விசாரிச்சுட்டு அடுத்த பஸ்ல வருவா. நான்தான் பேய் துரத்துற மாதிரி ஓடி முதல் பஸ்ஸைப் புடிக்கிறேன்."

பம்பரம் ஒற்றைச் செருப்போடு கிளம்பினாள். மற்றொன்று தெருமுனையில்தான் அவளை எட்டிப் பிடித்தது.

அன்று அந்தத் தடத்தில் பத்தொன்பது முறை போய் வந்தாள். ஓடிய முறையெல்லாம் காசு போயிற்று. ஆடி அசைந்து வந்த முறையெல்லாம் போகவில்லை. பதிவை எடுத்துப் பார்த்தால், ஆறு பதினான்குக்கு ரயிலை விட்டு இறங்கியவள் ஆறு பத்துக்கே பேருந்தில் ஏறியிருக்கிறாள். இறங்கும் முன்பே ஏறியவளைக் கண்ட கணினி, இது வேறு பயணம் என்று முடிவு கட்டிவிட்டது. அதன்மேல் குற்றமில்லை.

வியாழக்கிழமை ரயில் மேலாளர் முன்னால் நின்றாள்.

"உங்க கடிகாரம் நாலு நிமிஷம் முன்னால ஓடுது சார்."

"அது ஓடலம்மா, நாங்கதான் ஓட்டறோம். ஆளுங்க வேலைக்கு லேட்டா வரக்கூடாதுன்னு முப்பது வருஷமா அப்படித்தான்."

"கொஞ்சம் திருப்பி வைக்கலாமா?"

"அப்ப முப்பது வருஷமா தப்பா இருந்தோம்னு நானே எழுதிக் கொடுக்கணும். நடக்கிற கதையா பேசும்மா."

அங்கிருந்து பேருந்துப் பணிமனை. அங்கே கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது.

"டிரைவருங்க பேர்ல தாமதம் விழக்கூடாதுல்ல?" என்றார் பணிமனைத் தலைவர். "அதுல கை வச்சீங்கன்னா நாளைக்கு ஒரு வண்டி வெளிய போகாது. உக்காருங்க."

"உக்கார நேரமில்லண்ணே."

"எங்க கடிகாரத்துல இருக்கு, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. பணிமனை முற்றத்தை எத்தனையோ முறை சுற்றினாள். எட்டாவது சுற்றில் அங்கிருந்த நாய்கூடக் களைத்துப்போய் விலகிக்கொண்டது. ஏழு நிமிடப் பள்ளம். இரு கரையிலும் ஆளுக்கொரு மானம். கடிகாரத்தைத் தொட முடியாது. விதியைத் தொடலாமே என்று தோன்றியதும், பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே எழுதினாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படித்தாள்: "ரயிலை விட்டு இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு வரை பேருந்தில் ஏறியவரும், அதே பயணத்தைத் தொடர்பவராகவே கருதப்படுவார்."

ரயில் மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இறங்கறதுக்கு முன்னாடி எப்படிம்மா ஏறுவாங்க?"

"எங்க அக்கா ஏறுவா சார். தினமும்."

"இதுல எங்க கடிகாரம் தப்புன்னு எங்கயாவது வருதா?"

"கடிகாரங்கற வார்த்தையே வரல."

அவர் வரிவரியாகத் தேடினார். கிடைக்கவில்லை. கையெழுத்திட்டு, விலகல் கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பணிமனைத் தலைவரும் போட்டார், ரயில்காரருடையதைவிடப் பெரிய கையெழுத்தாக.

திங்கட்கிழமை அக்கா முதல் பேருந்திலிருந்தே போன் செய்தாள். "புடிக்கலடி. நான் இன்னும் ரயில்லதான் இருக்கேனாம்."

அடுத்த வாரமே ஆற்றுப் படகுக்காரர்களின் தலைவர் வந்து, அந்த அட்டையில் தாங்களும் சேரலாமா என்று கேட்டார்.

"சேரலாமே. உங்க கடிகாரம் எப்படி?"

"கடிகாரமா? ஆள் நிறைஞ்சா கிளம்புவோம். நிறையலன்னா..."

அவர் சொல்லி முடிக்கும்போது கேட்க ஆளில்லை. பம்பரம் படித்துறையை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.