பதினோராவது மை டப்பா

கண்ணில் மை தீட்டிய குழந்தை எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அப்படியொரு குழந்தையோடு யாராவது வந்து உட்கார்ந்தால் எழுந்து பின்னால் போய்விடுவேன். எனக்குக் குழந்தைகளையே பிடிக்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபம்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. நான் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் போயிருக்கும். தெருவிலேயே முதன்முதலாக ஆன்லைனில் சாமான் வாங்கியவள் நான்தான் என்பதில் எனக்குக் கர்வம் தலைக்கேறியிருந்தது. கூரியர்காரன் வாசலில் நின்று கையெழுத்து வாங்கும்போது எதிர்வீட்டு ஜன்னலில் யாராவது தெரிகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

அந்த வருஷ நவராத்திரிக்கு நான் எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு எதையாவது வைத்துக் கொடுக்க வேண்டுமே, அது எங்கள் தெருவில் பெரும்பாலும் ரவிக்கைத் துணிதான். அந்தத் துணியை யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. மடிப்புக்கூடக் கலையாமல் அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த தெருவுக்கு. நான் கொடுத்த பச்சைத் துணியே மூன்றாம் வருஷம் எனக்குத் தாம்பூலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் கண்மை வாங்கினேன். மங்கலப் பொருள், வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் வேறு. கம்ப்யூட்டரில் பார்த்த படத்தில் சிவப்பு வெல்வெட் துணியின் மேல் பன்னிரண்டு குட்டி டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு கண்ணாடி. கடையில் ஒன்று வாங்கும் விலைக்கு இங்கே மூன்று கிடைக்கும் போலிருந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் சந்தோஷம்தான்.

டப்பாக்கள் வந்த அன்று ஒன்றைத் திறந்தேன். மூடி 'டிக்' என்று சத்தம் போட்டுத் திறந்தது. உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாடை. மூடியில் இருந்த கம்பெனிப் பெயர் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இருந்தாலும் மனசு கேட்காமல் இடது கண்ணில் ஒரு இழுப்பு இழுத்தேன். இரண்டு நாள் அந்தக் கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஆபீசில் எல்லோரும் மெட்ராஸ் ஐ என்று சொல்லி என்னிடமிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தூக்கிக் குப்பையிலே போடு. இல்லேன்னா கம்ப்ளெயின்ட் பண்ணு," என்றார் என் கணவர். "ரெண்டும் இல்லாம அலமாரியிலே அடுக்கி வெச்சுண்டு என்ன பண்ணப்போறே?"

புகார் செய்தேன். விற்றவனுக்கு மூன்று ஈமெயில் அனுப்பினேன், கிணற்றில் கல் போட்ட மாதிரி. அந்த இணையதளத்துக்கும் எழுதினேன். உங்கள் புகார் கிடைத்தது என்று உடனே ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இதற்குள் வருஷா வருஷம் நவராத்திரிக்கு வருகிற மாதிரி பத்மநாபபுரத்திலிருந்து யானைமேல் சரஸ்வதி வந்துவிட்டாள், கோட்டை முழுக்கக் கூட்டம், என் வீட்டில் கொலு வைத்தாகிவிட்டது. அலமாரியில் பதினோரு டப்பாக்கள் அப்படியே இருந்தன.

கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். யார் இதைத் திறக்கப்போகிறார்கள், ரவிக்கைத் துணி மாதிரி இதுவும் வீடு வீடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பதினோரு பெண்கள் குங்குமம் இட்டுக்கொண்டு சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு போனார்கள். "ஃபாரின் மையாடி? ஜமாய்க்கறே போ!" என்று ஒரு மாமி என் கன்னத்தைக்கூடக் கிள்ளினாள்.

விஜயதசமி கழிந்து நாலாம் நாள் ஆபீசுக்கு போன் வந்தது. இணையதளத்தின் ஆள். எந்த ஊரிலிருந்தோ ஒரு பெண், நிதானமான இங்கிலீஷில் பேசினாள். அந்த விற்பனையாளரை நீக்கிவிட்டார்களாம், அவன் விற்றதெல்லாம் போலியாம். ஒருவருக்குக் கண்ணில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். ஒரு டப்பாவையும் பில்லையும் ஆதாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுத்து அனுப்புங்கள், பணம் திரும்ப வரும், மற்றதை யாருக்கும் கொடுக்காமல் உடைத்து எறிந்துவிடுங்கள் என்றாள். கடைசியில், "மற்ற பதினொன்றும் உங்களிடம்தானே இருக்கின்றன?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே ஸ்டீல் குங்குமச் சிமிழ் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன். தாம்பூலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"ஏண்டி, கொடுத்த தாம்பூலத்தை வாசல்லே வந்து திருப்பிக் கேக்கறியே, நன்னாவா இருக்கு?" என்றாள் கன்னத்தைக் கிள்ளிய மாமி.

"திருப்பிக் கேக்கலை மாமி. கடைக்காரன் பழைய சரக்கை அனுப்பிட்டான். அதுக்குப் பதிலா இதை வாங்கிக்கோங்கோ."

ஒன்பது டப்பாக்கள் இப்படி வந்தன. நான் கணக்குப் போட்டது சரிதான், ஒன்றைக்கூட யாரும் திறந்திருக்கவில்லை. பத்தாவது அடுத்த தெருவுக்குப் போயிருந்தது, அங்கே போய் வாங்கினேன். பத்தையும் கொல்லைப்புறக் கல்லில் வைத்து நசுக்கினேன். பதினோராவது மூலைவீட்டு மாமியிடம் கொடுத்தது. அவள் அதைப் பூக்காரிக்கு வைத்துக் கொடுத்துவிட்டிருந்தாள்.

பூக்காரி திருநெல்வேலிப் பக்கம். தினமும் காலையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பூ கொடுத்துவிட்டுப் போவாள். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். அங்கே தேடிப்போனேன்.

"அய்யோ, அது இங்க இல்ல மாமி," என்றாள். "மகளுக்குக் குடுத்து விட்டாச்சு. அவ கல்லாறுலல்லா இருக்கா, மருமகனுக்கு அங்க ஒரு ஓட்டல்ல வேல. பிள்ளைக்கு இப்பதான் மூணு மாசம். நல்ல மையா இருக்கு, கண்ணுக்குப் போடுன்னு சொல்லி அனுப்பினேன்."

"அது பழைய சரக்கு. அதை வாங்கிண்டு வந்து குடு, நான் வேற தரேன்," என்றேன்.

"சாரமில்ல மாமி, பரவால்ல. பழசானா என்ன, மைதானே? வெத்தில பாக்கோட வந்தத திருப்பிக் குடுத்தா பிள்ளைக்கு நல்லதில்லல்லா?"

அது கண்ணைக் கெடுத்துவிடும், போலி, குழந்தைக்குப் போடாதே என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் மறுநாள் காலை பூக்கூடையோடு அந்தச் செய்தியும் தெரு முழுக்கப் போயிருக்கும். நவராத்திரியில், சுமங்கலிகளுக்கு, தெரிந்தே விஷத்தை வைத்துக் கொடுத்தவள் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நான் எப்படி நடமாடுவது? சிமிழை அவள் கையில் கொடுத்தேன். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலையடிவாரத்தில் இருக்கிற கல்லாறுக்கு நானே போய்விடலாம் என்று நினைத்தேன். முதல் ஞாயிறு விருந்தாளிகள் வந்தார்கள். இரண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு எந்தச் சாக்கும் இல்லை, ஆனாலும் போகவில்லை. பயமாக இருந்தது. அந்த நாட்களில் எதைத் திறந்தாலும் அந்த 'டிக்' கேட்டது. ஆபீசில் ஸ்டாம்ப் பேடைத் திறந்தால் உள்ளே கறுப்பாக அது தெரியும், ஒரு விரல் அதைத் தொட்டு எடுப்பது தெரியும். விரல் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் மூடிவிடுவேன். இரண்டு பேர் என்னிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

நாலாவது ஞாயிறு பஸ் ஏறினேன். கல்லாறில் பொன்முடிக்குப் போகிற கூட்டம் வேனிலிருந்து இறங்கி ஆற்றில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. ஓட்டலை விசாரித்துப் பின்பக்கம் போனேன். தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் இருபது வயதுகூட நிரம்பாத பெண் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் ஜாடை.

"உங்கம்மா எங்காத்துக்குத்தான் பூ குடுக்கறா. பொன்முடிக்கு வந்தேன், உன்னையும் பார்த்துட்டுப் போலாம்னு," என்றேன். இன்னொரு பொய்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுச் சாயா வாங்க ஓட்டலுக்கு ஓடினாள். அப்போதுதான் குழந்தையின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. வலது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தது.

எதிரே ஷெல்பில் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் அது இருந்தது. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எட்டி எடுத்துத் திறந்து பார்த்தேன். பாதி காலியாகியிருந்தது. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். எதனால் வந்தது என்று தெரிந்திருந்தால் டாக்டர் வேறு மருந்து கொடுத்திருப்பாரோ, அந்த டப்பாவைக் காட்டியிருந்தால் ஏதாவது செய்திருக்க முடியுமோ என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. அந்த நிமிஷத்தில் யாரும் வருவதற்குள் ஜிப்பை மூட வேண்டும் என்பது மட்டும்தான் புத்தியில் இருந்தது.

அவள் சாயாவோடு வந்தாள். "கண்ணுக்கு என்ன?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் தப்பாக நினைப்பாளே.

"கருவிழில புண்ணு மாமி. ரெண்டு வாரமா ஆசுபத்திரிக்கு அலையுதோம். புண்ணு ஆறிரும், ஆனா வெள்ளத் தழும்பு நிக்கும், அந்தக் கண்ணுல பார்வ குறையும்னு டாக்டர் சொல்லியாச்சு." கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். கை கழுவிட்டுத்தானா பிள்ளைக்கு மை போட்டன்னு நர்ஸ் கேட்டா. நான் பாத்திரம் தேச்ச கையோடதான் போட்டிருக்கேன், பல நாளு. அவரு கேட்டுட்டு நின்னாரு. அன்னைக்கிருந்து எங்கிட்ட ஒரு வார்த்த பேசல்ல."

குழந்தை என் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

"நீங்க படிச்சவங்க மாமி. சும்மா சொல்லுங்க," என்றாள். இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள். "கையழுக்குல இப்படி வருமா? இல்ல, வேற எதுனாலயும் வந்திருக்குமா?"

"வரும்மா," என்றேன். "கைக்குழந்தை இருக்கற இடத்துலே கை சுத்தமா இருக்க வேண்டாமா?"

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். வெளியே போய்ச் சோப்பைப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்துவிட்டு வந்த பிறகுதான் என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள்.