இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

பொன்னுசாமி அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில்... என் பெரியப்பா மகன்.

போன் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. அஸ்தம்பட்டி வீட்டில் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

பிரஷரோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்கிறான் மகன். அவனிடம் நான் கேட்டது கார். அபிப்பிராயம் அல்ல.

நான் பிறந்தது மலாயாவில். அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதினார். ஊர்க்கதை சொல்லாமல் என்னைத் தூங்கவிட மாட்டார். கிணறு, மயிலை, செவலை என்று வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக இரண்டு எருதுகள்...

"அங்க உனக்கு ஒரு அண்ணன் இருக்கறான் அம்மிணி. அவன் கல்யாணத்துல நீதான் இணைச்சீருக்கு உக்காரோணும்."

மாப்பிள்ளையும் தங்கையும் ஒரே புதுச்சேலையின் இரு நுனிகளைப் பிடித்து, அருகருகே உட்காரும் சீர். அண்ணனுக்கு உடன்பிறந்த தங்கை இல்லை.

யுத்தம் நெருங்கியபோது அம்மாவையும் என்னையும் கப்பலேற்றிவிட்டு அப்பா அங்கேயே இருந்துகொண்டார்.

சூரமங்கலம் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டி வந்தவர் அண்ணன்தான். இறங்கியதும் நான் கேட்டது, இதில் செவலை எது?

இரண்டுமே வெள்ளை மாடுகள்.

"இதேதான் சாமி. வெயில்ல வெளுத்துப் போச்சு."

அப்பா சொன்ன எருதுகள் எப்போதோ செத்திருந்தன. அன்றிலிருந்து அண்ணன் இவற்றை அந்தப் பெயர்களில்தான் கூப்பிட்டார். மாடுகள் வெகுநாள் திரும்பியே பார்க்கவில்லை என்று பெரியம்மா சிரிப்பார்.

யுத்தம் முடிந்தது. அப்பா திரும்பவில்லை.

அண்ணன் கல்யாணத்துக்கு நான் சேலம் கான்வென்டிலிருந்து லீவு போட்டுப் போனேன். இணைச்சீருக்கு வேறொரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள்.

"கப்பல்ல வந்த புள்ளைக்கு நம்ம சீரு என்னங்க தெரியும்?" என்றார் ஓர் அத்தை.

எனக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஆனாலும் கெஞ்சி வாங்குகிற இடமா அது?

அண்ணன் மணவறைக்கு முன்னால் நின்றுவிட்டார். குரல் உயர்த்தவில்லை.

"சித்தப்பா சொன்னது சொன்னதுதானுங்க. எந்தங்கச்சி உக்காரட்டும். அப்பறம் நான் உக்காரறேன்."

உட்கார்ந்தேன். சேலை நுனியை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது...

"மெதுவா சாமி. உங்க அண்ணிக்கு மிச்சம் வையி," என்று காதோடு சொன்னார்.

நான் வரும்வரை அண்ணனை எடுக்கக் கூடாது என்று போனில் சொல்லியிருக்கிறேன்.

கார் வந்துவிட்டது. மகன் முன்சீட்டில் இருக்கிறான்.

வாரேனுங்க அண்ணா.