ஆசைப் பலகையில் ஒரு காலி மூலை

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வீடு திரும்பினால், எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த தண்ணீர்க் குழாய்க்கு யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள்!

குழாய் என்றால் நிஜக் குழாய் இல்லை. படம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிப் பலகையில் ஒட்டியது. அதற்குக் கீழே ஒரு ஜன்னல். பக்கத்தில் பினஃபோர் சீருடை போட்ட ஒரு பள்ளிக்கூடச் சிறுமி. மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். பலகைக்கு மேலே மல்லிகைச் சரம் வேறு.

“என்ன அண்ணி இது?”

அண்ணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பக்கத்து ரூம் பாக்கியம் அக்கா வேலை, தம்பி. எண்ணெய் கேட்டு வந்தாங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கோமா... கன்னத்துல போட்டுக்கிட்டு, ‘இது எந்த ஊரு சாமிம்மா’ன்னு கேக்குறாங்க!”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“புது சாமி, இன்னும் வரம் குடுக்க ஆரம்பிக்கலன்னு சொன்னேன்.”

பாக்கியம் அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஆட்கள் சுவரில் ஆணி அடித்து ஒரு படத்தை மாட்டினால் அது சாமியாக இருக்கும், இல்லாவிட்டால் செத்துப்போனவராக இருக்கும். இரண்டுக்கும் பொட்டு உண்டு. இன்னும் கைக்கு வராத ஒன்றைச் சுவரில் மாட்டி வைக்கிற வழக்கம் நமக்கு ஏது?

அந்த வழக்கத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். ஆபீசில் வெள்ளைக்காரத் துரை படித்துவிட்டுப் போட்ட ஒரு பத்திரிகையில் கண்ட யோசனை. வாழ்க்கையில் என்ன வேண்டும் என்று குழப்பமா? வேண்டியதன் படங்களை வெட்டி ஒரு பலகையில் ஒட்டு. தினமும் காலையில் அதன் முன்னால் நில். தானாகத் தெளிவு பிறக்கும்... இதுதான் சாரம். எனக்கு எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும். கெர்பாவ் ரோட்டு மளிகைக்கடையில் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையைக் கெஞ்சி வாங்கினேன். தெருவில் பழைய பேப்பர் எடுக்க வரும் சீனக் கிழவரிடம் ஒரு கட்டுப் பத்திரிகைகள் வாங்கினேன். அண்ணி மைதாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார்.

கோட்டும் டையுமாக ஒருவர். ஒரு டைப்ரைட்டர். ஒரு மோட்டார் கார். மளமளவென்று ஒட்டிக்கொண்டே போனேன்.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணி மெல்லக் கேட்டார். “தம்பி, எனக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் அண்ணன் துறைமுகத்தில் மூட்டை சுமந்ததால். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அண்ணிக்கு அதுவும் வராது. ‘ஆசைகளை எழுதி வையுங்கள்’ என்று அந்தப் பத்திரிகைக்காரன் சொல்லியிருந்தால் முழுப் பலகையும் எனக்கே சொந்தமாகியிருக்கும். நல்ல வேளை, படம் என்று சொன்னான்!

அண்ணி படம் தேடிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பளபளவென்று இருந்ததையெல்லாம் வெட்டினேன். அவரோ முழுக் கட்டையும் ஒரு தடவை நிதானமாகப் புரட்டினார். வைர நெக்லஸ் வந்தது. பார்த்தார், தள்ளினார். சோபா வந்தது. தள்ளினார். ஒரு சமையலறைப் படத்தில் கை நின்றது.

“வீட்டுக்குள்ளயே பைப்பு பாருங்க தம்பி. வாளியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏற வேணாம்.”

கீழே கடையும் மேலே குடித்தனங்களுமான எங்கள் கடைவீட்டு மாடியில் பலகை வைத்துத் தடுத்த அறைகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாக் குடும்பத்துக்கும் கீழே ஒரே குழாய். எங்கள் அறைக்கு ஜன்னலும் கிடையாது. ஆகவே அடுத்த படம் ஜன்னல். மூன்றாவது, பினஃபோர் சிறுமி. அண்ணன் மகள் வாணிக்கு வருகிற ஆண்டு பள்ளிக்கூடம்.

அவ்வளவுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, “உங்க காரை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க லா” என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, ஈரம் காயாத என் காரை நகர்த்தி, ஒரு மூலையைக் காலியாக்கினார்.

“இது யாருக்கு அண்ணி?”

“உங்க அண்ணனுக்கு. அவருக்கும் ஆசை இருக்கும்ல?”

காரை அழுத்தி ஒட்டுவதுபோல் நான் குனிந்துகொண்டேன். காரணம் இருக்கிறது. அண்ணனின் ஆசை என்ன என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஒரு மாடிவீடு. அதற்காக அவர் ஒரு முடிவும் எடுத்திருந்தார். அண்ணியையும் வாணியையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவது. அறையைக் காலி செய்துவிட்டு அவர் கூலியாட்கள் தங்கும் கொட்டடிக்குப் போய்விடுவது. மிச்சம் பிடித்து வீடு கட்டுவது. “கொஞ்ச வருஷம்தானே...” என்பார். நாங்கள் இருக்கும் சிராங்கூன் ரோட்டில் ‘கொஞ்ச வருஷம்தானே’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் ஊரில் அப்பாவைப் போட்டோவில் பார்த்து வளர்கிறார்கள்.

திங்கட்கிழமை டிக்கெட் எடுப்பதாக ஏற்பாடு. ஆங்கிலம் பேச நானும் கூடப் போக வேண்டும். அண்ணிக்குப் போக விருப்பமில்லை. ஒரு தடவை சொன்னார். அண்ணன் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகு அண்ணி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பலகையில் இடம் ஒதுக்குகிறார்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கப்பல் நெருக்கடியில் மூன்று நாள் துறைமுகத்திலேயே தங்கி, நைட் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் குளித்துவிட்டு, வழக்கம்போல சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். கண்ணைத் திறந்தால் எதிரே குங்குமம் வைத்த குழாய்.

“என்னடா இது? சினிமாக் கொட்டகை வாசல் மாதிரி!”

விளக்கினேன். அண்ணி காப்பியைக் கையில் கொடுத்து, “உங்களுக்கும் இடம் விட்டிருக்கேங்க” என்றார்.

அண்ணன் சிரித்தார். பிறகு தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காலண்டர் படத்தை எடுத்தார். தூண் வைத்த மாடிவீடு. இரண்டு பக்கமும் தென்னைமரம். எவ்வளவு காலமாக வைத்திருந்தாரோ, மடிப்பு எல்லாம் நைந்து போயிருந்தது.

அண்ணி என்ன செய்தார் என்கிறீர்கள்? பசைக் கிண்ணத்தை எடுத்து அவரே நீட்டினார்! அண்ணன் படத்தின் பின்னால் பசை தடவும் வரைக்கும் பொறுத்திருந்து, கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

“வீடு அழகா இருக்குங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“வீட்டுப் படம்டி இது. ஆளு எதுக்கு?”

“இல்ல... நானும் வாணியும் உள்ள இருக்கோம்னு வச்சுக்குவோம். நீங்க?”

அண்ணன் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார்.

“நான்... இங்கேருந்து பணம் அனுப்புவேன்.”

“ம்.” அவ்வளவுதான் அண்ணி சொன்னது. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கீழே போய்விட்டார்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். ஜெயித்தது போலவும் இருந்திருக்கும். அண்ணன் பிடிவாதமும் இரண்டு மடங்காகியிருக்கும். கேள்வியை மட்டும் வைத்துவிட்டு, பதில் தேடுகிறவரைத் தனியாக விட்டுப் போகிறாரே... அந்தப் பக்குவத்துக்கு என்ன பெயர் வைப்பது?

அண்ணன் பசை தடவிய படத்தோடு உட்கார்ந்திருந்தார். பசை காய்ந்து காகிதம் சுருண்டது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் பாயை விரிக்கும் முன்பே குறட்டை விடுகிற மனிதர், பத்திரிகைக் கட்டை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார்.

“என்னண்ணே தேடுறீங்க?”

“பொறுடா.”

புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பால்மாவு விளம்பரத்தில் நின்றார். சாப்பாட்டு மேஜை. அம்மா ஊற்றுகிறாள். சின்னப் பெண் ஏதோ சொல்கிறாள். சட்டைக் கையை மடித்துவிட்ட அப்பன்காரன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

“பாருடா... பட்டப்பகல்ல பிள்ளைகூட உக்காந்து சாப்பிடுறான்” என்றார் அண்ணன். வாணி விழித்திருக்கும் நேரத்தில் அண்ணன் தூங்குவார்; அவர் விழித்தால் வேலைக்கு நேரமாகிவிடும்.

அவரே வெட்டினார். மூட்டை தூக்கிக் காய்த்த விரல், கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழையவே மறுத்தது. நான் கை நீட்டியும் கொடுக்கவில்லை. காலி மூலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார்.

“தம்பி, நாளைக்கு டிக்கெட் ஆபீசு வேணாம். தோ பாயோவுல சர்க்காரு கட்டுற புது வீட்டுக்குப் பேரு எழுதுறாங்களாமே, அது எங்கடா?”

அதற்குள் வாளியோடு அண்ணி மேலே வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். பிறகு குரலைச் சரிபண்ணிக்கொண்டு, “யாருங்க இந்த வெள்ளைக்காரன்? உரிமையா என் வீட்டுல உக்காந்து சாப்பிடுறான்?” என்றார்.

அண்ணன் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அந்த ஆளின் உதட்டுக்கு மேலே, தன்னுடையதைப் போலவே, முறுக்கிவிட்ட ஒரு பெரிய மீசை வரைந்தார்.

சற்றுக் கோணல்தான். ஆனால் படத்துத் துரைக்கு என்ன பொருத்தம் என்கிறீர்கள்!