ஏசி பார்க்க வந்த பொண்ணு

மத்த வேலைக்காரங்க எல்லாம் வாசலோட, மிஞ்சிப் போனா ஹாலோட திரும்பிடலாம். ஏசி மெக்கானிக் மட்டும்தான் முன்னப்பின்ன தெரியாத வீட்டுல நேரா பெட்ரூமுக்குப் போய் கட்டில் மேலயே ஏறி நிக்கணும். அந்த மெக்கானிக் ஒரு பொண்ணுன்னா கேட்கவே வேண்டாம். ஏணியைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாடி மாடியா ஏறுற என் இனமே, உங்களுக்குத்தான் இந்த வலி புரியும்.

ஐ.டி.ஐ.ல நான் ஏசி டிரேடு எடுத்தப்போ, "கம்ப்யூட்டர் எடுத்தா ஏசி ரூம்ல உட்காரலாமேம்மா"ன்னு அப்பா புலம்பினார். "அந்த ஏசி நின்னு போனா யாரைப்பா கூப்பிடுவாங்க?"ன்னு கேட்டுட்டுச் சேர்ந்துட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி. படிப்பு முடிஞ்சு புத்தூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல பயிற்சிக்குப் போனேன். ஓனர் செல்வம் அண்ணன் முதல் நாளே கறாரா சொல்லிட்டார். ஆறு மாசம் பார்ப்பாராம். வேலை சரியா இருந்தா தனி டூல்ஸ் பேக், தனி ஏரியா. கம்ப்ளைண்ட் வந்தா ஆபீஸ்ல போன் எடுக்கிற சீட்டு. பேக் கிடைச்சா நாளைக்கு ஆஸ்பத்திரி, மால்னு பெரிய பெரிய ஏசி பிளான்ட் வரைக்கும் போகலாம். போன் சீட்டுல உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான், அதுக்கு மேல படியே கிடையாது. செப்புக் குழாயைச் சூடு பண்ணி ஒட்டி விரலை எல்லாம் சுட்டுக்கிட்டது "லைன்ல இருங்க சார்"னு சொல்றதுக்கா?

கேஸ் புராணம்

கே.கே. நகர்ல ஒரு ரிட்டயர்டு சார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கலை, எனக்குப் பின்னாடி படிக்கட்டைப் பார்த்தார். "மெக்கானிக் வண்டி நிறுத்துறாராம்மா?" "நான்தான் சார் மெக்கானிக்." "ஓ... அப்போ ஏணி?" "அதையும் நான்தான் சார் தூக்கிட்டு வந்தேன்." ஏணியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துட்டு வழி விட்டார். உள்ளே போறதுக்குள்ள நோயும் சொல்லிட்டார், மருந்தும் சொல்லிட்டார்: "கேஸ் போயிடுச்சும்மா, கேஸ் போட்டுடு."

இந்த ஊர்ல ஏசிக்கு என்ன வந்தாலும் கேஸ்தான். ரிமோட்ல பேட்டரி தீர்ந்தாக்கூட கேஸ்தான்! நான் கேஸ் அளவு காட்டுற கேஜை மாட்டிப் பார்த்தேன், கேஸ் கச்சிதமா இருந்தது. ஃபில்டரைக் கழட்டினா, அடேயப்பா, ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு! கழுவி மாட்டினதும் காத்து ஜில்லுனு வந்தது. சார் கையை நீட்டிப் பார்த்தார், தலையாட்டினார், வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி எனக்குக் காபியும் கொடுக்கச் சொன்னார். ஆனா மனசு மட்டும் ஆறலை. நான் செருப்பு மாட்டும்போது மெதுவா வந்து நின்னார். "எதுக்கும் ஒரு ரெண்டு சொட்டு கேஸ் போட்டுட்டுப் போயிடும்மா, வந்தது வந்துட்ட."

கோலத்துல விழுந்த தண்ணி

ஸ்ரீரங்கத்துல ஒட்டினாப்புல ரெண்டு வீடு. அதுல ஒண்ணுல புது ஏசி மாட்டணும். அந்த வீட்டு மாமி ரொம்ப நல்லவங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான், காத்து கட்டிலுக்கு வர்றதுக்கு முன்னாடி பெருமாள் படத்துக்குப் போகணும். "உற்சவத்துல அவருக்கு விசிறி போட ஆள் இருக்கா. நம்மாத்துல யார் இருக்கா, சொல்லு?" நியாயம்தானே! சுவத்தை அளந்து அளந்து, பெருமாளுக்கும் மாமாவுக்கும் சமமா காத்து போற மாதிரி மாட்டினேன். அந்தப் பெருமையில ஏசித் தண்ணி வடியிற டிரெயின் பைப்பை வாசல் பக்கமா வெளியே விட்டுட்டு வந்துட்டேன்.

நான் போனது மத்தியானம். வாசல்ல கோலம் எல்லாம் ஆட்டோவும் பைக்கும் ஏறி அழிஞ்சு கிடந்தது. பைப்புத் தண்ணி சொட்டுற இடம் பக்கத்து வீட்டு மாமி கோலம் போடுற இடம்னு எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி பூரா ஏசி ஓடும், விடிகாலையில அவங்க இழை இழையா கோலம் போடுவாங்க, அது முடியறதுக்குள்ள பாதி கரைஞ்சு ஓடும். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. கம்ப்ளைண்ட் நேரா செல்வம் அண்ணனுக்குப் போனது. அவர் ஒண்ணும் திட்டலை, போன் சீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஓடிப் போய் பைப்பைப் பின்கட்டுப் பக்கம் திருப்பி விட்டேன். நான் ஏணியில நிக்கும்போது பக்கத்து வீட்டு மாமி கீழே இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாங்க: "ஏண்டிம்மா, குளிர்ச்சி அவாத்துக்கு, தீர்த்தம் மட்டும் எங்காத்துக்கா?"

துபாய்ல இருந்து ஒரு பரீட்சை

பாலக்கரையில ஒரு வீடு. பாத்திமாக்கா, கைக்குழந்தை, ரெண்டே பேர். வீட்டுக்காரர் துபாய்ல. ஏசி ஓடாம குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. எங்க ஆளுங்க போன ஒவ்வொரு தடவையும், வீட்டுல ஆம்பளைங்க இல்லாதப்போ பெட்ரூம்ல எப்படி விடறதுன்னு அக்கா திருப்பி அனுப்பிட்டாங்க. "பொம்பளப் புள்ளதானே வருது?"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் என்னை வரச் சொன்னாங்க.

ஏணி மேல ஏறினா, அக்கா போனை என் பக்கம் திருப்புறாங்க. வீடியோல வீட்டுக்காரர். அங்கே அவரும் ஏசி டெக்னீஷியனாம்! போச்சுடா. ஒரு கம்ப்ளைண்ட் ஏற்கெனவே தலைக்கு மேல தொங்குது, இந்த மனுஷன் ஒரு வார்த்தை தப்பா சொன்னா என் கதை முடிஞ்சுது. "கேஜைக் காட்டும்மா." காட்டினேன். இந்தத் தடவை நிஜமாவே கேஸ் இல்லை. "நேரா கேஸ் போட்டுடாதே. லீக் எங்கேன்னு பாரு." "அதைத்தாண்ணே பார்க்கப் போறேன், கொஞ்சம் பேசாம இருங்க"ன்னு வாய் முந்திக்கிட்டது. அக்கா சிரிப்பை முந்தானையில அடக்கிக்கிட்டாங்க.

சோப்பு நுரை வெச்சேன், பைப் சேர்ற இடத்துல குமிழி குமிழியா வந்தது. குழாய் முனையை வெட்டிட்டுப் புதுசா விரிச்சு இறுக்கினேன். வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காத்தையும் ஈரத்தையும் முழுசா இழுத்தேன். அது முடியற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாம நிறைய பேர் அப்படியே கேஸை ஏத்திடுவாங்க. நான் உட்கார்ந்திருந்தேன், துபாயும் உட்கார்ந்திருந்தது. கேஸ் ஏத்தி ஓட விட்டதும் குழந்தை அழுகையை நிறுத்திட்டுக் காத்து வர்ற திசையைப் பார்த்துச்சு. போன்ல அவர் சொன்னார்: "ஊரான் வீட்டு ஏசியை எல்லாம் நான் பார்க்குறேன்மா. என் புள்ள வேர்த்து அழுகிறதைப் போன்லதான் பார்த்துட்டு இருந்தேன். அல்லாஹ் உன்னை நல்லா வெக்கணும்."

பேக் யாருக்கு?

ஆறு மாசம் முடிஞ்சதும் செல்வம் அண்ணன் கூப்பிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது அந்தப் போன் சீட்டுல. சரி, சீட்டைச் சூடு பண்ணி வெச்சிருக்கார்னு நினைச்சுக்கிட்டேன். போன் விடாம அடிச்சது. பாத்திமாக்கா சொந்தக்காரங்க, அவங்க தெருக்காரங்க, ஒரு லேடீஸ் ஹாஸ்டல், எல்லாரும் "அந்தப் பொண்ணையே அனுப்புங்க"ங்கிறாங்களாம். சந்தோஷம்தான். ஆனா என் வாய் சும்மா இருக்குமா? "ஏண்ணே, கூப்பிடுறது நான் நல்லா வேலை பார்க்கிறதாலயா, இல்லை பொண்ணுங்கிறதாலயா?"

அவர் மேஜைக்கு அடியில இருந்து புது டூல்ஸ் பேக்கை எடுத்து என் பக்கம் தள்ளினார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மறைக்கப் பார்த்தும் முடியலை. அதுக்குள்ள போன் மறுபடி அடிச்சது. ரிசீவரைக் கையால மூடிக்கிட்டு என்னைப் பார்த்து முறைச்சார்: "அந்த ஆராய்ச்சியெல்லாம் அப்புறம் பண்ணு தாயே, நாலு வீடு காத்துக்கிட்டு இருக்கு. உன்னால இப்ப நான்தான் இந்தச் சீட்டுல மாட்டிக்கிட்டேன்!"

ஆக, கதவைத் திறக்க வெச்சது என் வளையல், ஏசியை ஓட வெச்சது என் கை, சம்பளம் மட்டும் ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான்.