தலைவரின் பாய்மரக்கப்பல்

எங்கள் சங்கத் தலைவராக இருந்தவரின் முகவரி அட்டையில் பொன்னிறப் பாய்மரக்கப்பல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் 'மரைக்காயர்'. சிங்கப்பூர் டன்லப் தெருவில் தேநீர் குடிக்க ஒதுங்கியவருக்கும் அதை நீட்டுவார். கப்பலைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல் அளவுப் படம்தான்.

ஆண்டு மலருக்கு அந்தப் பெயரின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரின் பெயர் இது. 'மரக்கலம்' என்பதிலிருந்து வந்தது என்பார் உண்டு. கப்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து என்பாரும் உண்டு. முடிவாகச் சொல்லும் ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டுமே கடலில் பிழைத்தவர்களைத்தான் காட்டுகின்றன என்று எழுதிக் கொடுத்தேன்.

"பிழைச்சவங்களா? என்ன பாய், கூலிக்காரன் மாதிரி இருக்கு. கப்பல் ஓனர்ஸ், ராஜாக்களோட பழகுனவங்கன்னு போடுங்க லா."

"எந்த ராஜா, எந்த வருஷம், தலைவரே?"

"யாரு பாய் கேக்கப் போறா?"

அதே வாரம் அவர் மகள் சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினாள்.

"அவன் பேருக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்றார் தலைவர்.

"ஒண்ணும் இல்ல, வாப்பா. பேர்ல கப்பல் இருக்கலாம், கப்பல்ல வேலை பாக்குறவர் இருக்கக் கூடாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "வரலாறு தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க பாய்."

சொன்னேன். தலைவருடைய தந்தை சிங்கப்பூர் ஆற்றில் சரக்கேற்றும் தொங்கான் படகு தள்ளியவர். என் தந்தையும் அதே படகில் இருந்தார். அந்தப் பெயருக்கு இந்தத் தீவில் முழுத் தகுதி உடையவர் அந்த மனிதர். மகனோ அவரைத் தன் மகளிடமிருந்தே மறைத்து வைத்திருந்தார்.

"தேதி இருக்கா, மாமா?" என்றாள் அவள்.

"என் வாப்பா நாட்குறிப்புல இருக்கும்மா."



திருமணத்தில் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, 'வலி'யாக, நிற்கத் தலைவர் மறுத்தார். முஸ்லிம் திருமணங்களை நடத்திவைக்கும் காதியே அந்த இடத்தில் நின்று நிக்காஹ் செய்துவைத்தார். மலர் ராஜாக்களோடு வெளிவந்தது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அதை மட்டும் தலைவர் மறுபேச்சில்லாமல் செய்தார்.

இப்போது மகள் உட்லண்ட்ஸில் இருக்கிறாள். பையனுக்கு நான்கு வயது. அவனுக்குத் தொங்கான் தள்ளிய தன் பாட்டனாரின் பெயரை வைத்திருக்கிறாள். பட்டம் எதுவும் சேர்க்கவில்லை. தலைவர் இன்னும் அவனைப் பார்க்கப் போகவில்லை. பேரனைக் கூப்பிட்டால் தன் தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே.